பத்துக் கோலுக்குப் பயப்படாதீர்கள், கோர்னருக்குப் பயப்படுங்கள்

உதைபந்தாட்டம்: கேள்வி-பதில்
ஏப்ரல் 24, 2025

கேள்வி: நாங்கள் லண்டன் தோன்டன் ஹீத்தில் இருக்கிறோம். செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானம் வீட்டிலிருந்து நடை தூரம். மகனுக்குப் பதினொரு வயது. வகுப்பில் பெடியள் பாதிப்பேர் ஆர்சனல், மற்றப் பாதி லிவர்பூல், இவன் மட்டும் கிறிஸ்டல் பலஸ். அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் போய் எனக்கும் அந்த வருத்தம் தொற்றிவிட்டது.

வருகிற சனிக்கிழமை வெம்பிளியில் அஸ்டன் வில்லாவோடு எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி. இரண்டு டிக்கெட் கையில் இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய நான் நித்திரையில்லாமல் கிடக்கிறேன். மன்செஸ்டர் சிற்றியிடம் 5-2, நான்கு நாளில் நியூகாசிலிடம் 5-0 என்று இரண்டு ஆட்டத்தில் பத்துக் கோல் வாங்கிய ரீமை நம்பி எப்படிப் போவது? மச்சான் ஒருவர் யுனைற்றட் ரசிகர். “உங்கட ரீமுக்கு 120 வருசமாக் கிண்ணம் இல்லை, இனியா வரப்போகுது?” என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போகிறார். பெனால்டிக்குப் போனால் வில்லா கோலில் மார்ட்டினெஸ் நிற்பார், அதுவும் ஒரு பயம். மனைவியோ, “தோத்தால் பெடியன் அழுவான், அந்தச் சனக்கூட்டத்துக்குள்ள அவனைக் கொண்டுபோகவே வேண்டாம்” என்கிறா. உண்மையைச் சொல்லுங்கள் ஐயா, நாங்கள் ஆசைப்படலாமா?
— பெயர் வேண்டாம், தோன்டன் ஹீத்

பதில்: தம்பி, நீங்கள் ஆளை மாறிப் பயப்படுகிறீர்கள். பயப்படத் தேவையில்லாத விஷயத்துக்கு நித்திரை முழிக்கிறீர்கள். பயப்பட வேண்டிய விஷயம் கடிதத்தில் இல்லவே இல்லை.

முதலில் அந்தப் பத்துக் கோல். சிற்றியோடு நடந்த ஆட்டத்தில் 21 நிமிடத்துக்குள் பலஸ் 2-0 முன்னுக்கு நின்றது ஞாபகம் இருக்கிறதா? எஸே ஒன்று, கோர்னரில் தலையால் முட்டி றிச்சர்ட்ஸ் ஒன்று. சிற்றியின் டி புரூயின் அடித்த ஃப்ரீ கிக் உள்ளே போன பிறகுதான் ஆட்டம் கையை விட்டுப் போனது. நியூகாசிலிலும் 1-0 பின்தங்கியிருந்தபோது பலஸுக்குப் பெனால்டி கிடைத்தது. எஸே அடித்தார், நிக் போப் பிடித்தார். அது உள்ளே போயிருந்தால் வேறு ஆட்டம். போகவில்லை, ஐந்து வாங்கினார்கள். இதைச் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. இரண்டும் மோசமான தோல்விதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்த இரண்டு ஆட்டத்தை நீங்கள் ஏன் எழுதவில்லை?

சனிக்கிழமை போர்ன்மத்தோடு, இடைவேளைக்கு முன்பே றிச்சர்ட்ஸ் சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட்டார். இரண்டாம் பாதி முழுக்கப் பத்துப் பேர். ஆட்டம் 0-0. நேற்று இரவு ஆர்சனலின் வீட்டில் இரண்டு தடவை பின்தங்கி, இரண்டு தடவையும் எழும்பி 2-2. 83ஆவது நிமிடத்தில் ஆர்சனலின் சலிபா தவறாகத் தட்டிய பந்து பலஸ் முன்கள வீரர் மதேட்டாவின் காலடிக்கு வந்தது. கோல் காப்பாளர் ராயா கோலை விட்டு வெளியே நிற்பதை அவர் கண்டார், நிமிரவும் இல்லை, பந்தை ஓட விடவும் இல்லை, அங்கிருந்தே ராயாவின் தலைக்கு மேலால் தூக்கிப் போட்டார். நம்பிக்கை உடைந்த ரீமில் ஒருவனுக்கு அப்படி ஒரு உதை வராது. அவன் பந்தை நிறுத்துவான், பக்கத்தில் ஆளைத் தேடுவான், அதற்குள் கோல் காப்பாளர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

பலஸின் சொந்தச் சரித்திரத்திலேயே இதைவிடப் பெரிய கதை இருக்கிறது. 1989 செப்டம்பர் 12, ஆன்ஃபீல்டில் லிவர்பூல் 9, பலஸ் 0. கோல் அடித்தவர்கள் எட்டுப் பேர். ஜோன் ஓல்ட்ரிஜ் அந்த வாரம் ஸ்பெயினுக்குப் போகிறார் என்பதற்காகப் பெனால்டி கிடைத்தபோது அவரை மாற்று வீரராக இறக்கி அடிக்க விட்டார்கள். அவ்வளவு வசதியான வெற்றி. அதே இரண்டு அணியும் அடுத்த ஏப்ரலில், 1990 ஏப்ரல் 8, வில்லா பார்க்கில் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதியில் சந்தித்தன. பலஸின் இயன் றைட் காலில் முறிவோடு வெளியே. லிவர்பூல் அந்த வருடம் லீக் சம்பியன். இடைவேளைக்கு ரஷ் அடித்த கோலில் லிவர்பூல் முன்னுக்கு. பிறகு பிறைட் சமப்படுத்தினார், ஒரைலி முன்னுக்குக் கொண்டுபோனார், மக்மாஹனும் பார்ன்ஸும் அடித்துத் திரும்பவும் லிவர்பூல், 88ஆவது நிமிடத்தில் கிரே 3-3, மேலதிக நேரத்தில் கோர்னரில் தோர்ன் தட்டிவிட அலன் பார்டியூ தலையால் முட்டி 4-3.

ஒன்பது வாங்கிய பிறகு அன்றைய பலஸ் முகாமையாளர் ஸ்டீவ் கொப்பல் சும்மா இருக்கவில்லை. நைஜல் மார்ட்டினைப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். பிரித்தானியாவில் ஒரு கோல் காப்பாளருக்கு அந்த விலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. கோர்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் லிவர்பூல் தடுமாறுகிறது என்று கண்டு அங்கேதான் அடித்தார். ஒன்பது கோல் அவருக்கு எங்கே ஓட்டை என்று காட்டிக் கொடுத்தது. இப்போதைய முகாமையாளர் கிளாஸ்னரும் அந்த வகை ஆள். இந்தப் பருவம் தொடங்கி முதல் எட்டு லீக் ஆட்டத்தில் பலஸ் ஒன்றுகூட வெல்லவில்லை. ஒலிஸேயை பயேர்ன் கொண்டுபோய்விட்டது, அண்டர்சனை ஃபுலாமுக்கு விற்றார்கள், சனம் முணுமுணுத்தது. மனிதர் தன் மூன்று பின்கள வீரர் முறையை விடவில்லை. ஒக்டோபர் கடைசியில் டொட்னத்தை 1-0 வென்ற பிறகுதான் அது சரி என்று எல்லோரும் சொல்லத் தொடங்கினார்கள்.

இனி வில்லா. லீக் அட்டவணையைப் பார்த்துப் பயப்படுவதைவிட, இந்த இரண்டு ரீமும் நேருக்கு நேர் நின்றால் என்ன நடக்கிறது என்று வடிவாகப் பாருங்கள். 2024 மே மாதம், போன பருவத்தின் கடைசி நாள்: பலஸ் 5-0. மதேட்டா மூன்று, எஸே இரண்டு. (அன்று வில்லா சம்பியன்ஸ் லீக் இடத்தை உறுதிசெய்துவிட்டு விடுமுறை மனநிலையில் வந்தது. அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.) ஒக்டோபரில் லீக் கிண்ணத்தில் வில்லா பார்க்கில் 2-1 பலஸ். நவம்பரில் அங்கேயே 2-2. பெப்ரவரியில் செல்ஹர்ஸ்டில் 4-1, அதில் பலஸ் முன்கள வீரர் சார் இரண்டு. வில்லா முகாமையாளர் எமெரி போன்ற ஒரு கெட்டிக்காரர் ஒரே ரீமிடம் இப்படித் தொடர்ந்து சிக்குவது தற்செயல் இல்லை.

காரணம் இதுதான். வில்லாவின் பின்கள வரிசை மேலே ஏறி நிற்கும், சில வேளை நடுக்கோட்டுக்குக் கிட்ட. எதிரணியை ஓஃப்சைட்டில் விழுத்துவதும், பந்தைத் தம் வசம் வைத்து ஆட்டத்தைச் சுருக்குவதும் எமெரியின் வழி. பந்தை வைத்திருந்து பொறுமையாகக் கட்டி ஆடுகிற ரீமுக்கு அது சுவர். பலஸுக்கோ பந்து வேண்டாம். எதிரி வைத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டு, பறித்த மறுகணமே ஓடுகிற ரீம் அது. நடுக்களத்தில் வோர்டன் தலை நிமிராமலே முன்னுக்குத் தட்டுவார், எஸே ஒரு ஆளை ஏமாற்றித் திரும்புவார், சார் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே ஓட்டத்தைத் தொடங்கியிருப்பார். சொந்தப் பாதியிலிருந்து ஓடுகிறவருக்கு ஓஃப்சைட் கிடையாது. வில்லா விட்டு வைக்கிற அந்த வெட்டவெளி சாருக்கு நெல் காயவிட்ட முற்றம் கோழிக்கு மாதிரி. வலது பக்கத்தில் முனியோஸ் வேறு. பேருக்குத்தான் அவர் பின்கள வீரர், கோலடியில் நிற்கும்போது பார்த்தால் முன்கள வீரர் என்றுதான் நினைப்பீர்கள்.

இந்தக் கிண்ணத்தில் பலஸ் வந்த பாதையையும் பாருங்கள். ஸ்டொக்போர்ட் 1-0, டொன்காஸ்டர் 2-0, மில்வோல் 3-1, ஃபுலாம் 3-0. நான்கு ஆட்டத்தில் ஒன்பது அடித்து ஒன்று வாங்கியிருக்கிறார்கள். மில்வோல் ஆட்டத்தில் கோல் காப்பாளரின் பூட்ஸ் மதேட்டாவின் தலையில் பட்டுக் காதில் 25 தையல் போட்டார்கள். அதே மாத முடிவில் ஃபுலாமில் தலையில் கவசத்தோடு திரும்பி வந்து ஓடினார்.

சரி, பயப்பட வேண்டியது எது? கோர்னர். கோர்னரும் ஃப்ரீ கிக்கும். வில்லாவில் அதற்கென்றே ஒரு பயிற்றுநர் இருக்கிறார், ஒஸ்டின் மக்ஃபீ என்ற ஸ்கொட்லாந்துக்காரர். மற்ற ரீம்கள் கோர்னர் கிடைத்தால் ஆட்களை உள்ளே அனுப்பிவிட்டுப் பந்தைத் தூக்கிப் போடும். வில்லா ஒவ்வொன்றையும் ஒத்திகை பார்த்து வைத்திருக்கும்: யார் யாரை மறிப்பது, யார் பின் தூணுக்கு ஓடுவது, யார் பெட்டிக்கு வெளியே தனியே நிற்பது என்று எல்லாம். ஓடுகிற பந்தில் பலஸ் வில்லாவைச் சமாளிக்கும் என்பது என் எண்ணம். நிற்கிற பந்தில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. சனிக்கிழமை வில்லாவுக்கு முதல் அரை மணித்தியாலத்தில் எத்தனை கோர்னர் கிடைக்கிறது என்று எண்ணிக்கொண்டிருங்கள். கைவிரல் போதாமல் போனால் நீங்கள் நித்திரை முழித்தது நியாயம்.

அடுத்தது மாற்று வீரர் வாங்கு. ஜனவரியில் வில்லா ராஷ்ஃபோர்டையும் அசென்சியோவையும் கடனுக்கு எடுத்தது. பி.எஸ்.ஜி.யிடம் சம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மொத்தம் 5-4 என்று மயிரிழையில் வெளியேறிய ரீம் அது. செவ்வாய் இரவு சிற்றியிடம் 94ஆவது நிமிடத்தில் வாங்கிய கோலால் 2-1 தோற்றது. களைப்பும் கோபமும் இரண்டும் இருக்கும். ஆனால் பலஸைவிட ஒரு நாள் கூடுதல் ஓய்வு, அதோடு எழுபதாவது நிமிடத்தில் இறக்குவதற்குப் பெரிய பெயர்கள். பலஸ் வாங்கில் அவ்வளவு சரக்கு இல்லை. 2022 அரையிறுதியில் இதைத்தான் கண்டோம். செல்சியோடு இடைவேளை வரை 0-0, நல்லாகத்தான் நின்றார்கள். 65ஆவது நிமிடத்தில் லொஃப்டஸ்-சீக், பிறகு மவுண்ட், 2-0. அந்தப் பருவம் பலஸை ஓட்டிக்கொண்டிருந்த கொனர் கலகர் செல்சியிடமிருந்து கடனுக்கு வந்தவர் என்பதால் அன்று ஆட அனுமதியில்லை. அவர் இடத்தை நிரப்ப ஆளில்லாமல் போனது.

பெனால்டிப் பயம் அரைவாசி நியாயம். எமிலியானோ மார்ட்டினெஸ் 2022 உலகக் கிண்ண இறுதியில் கொமானின் உதையைத் தடுத்தவர், சுவமேனியை வெளியே அடிக்க வைத்தவர். போன வருடம் லீல் அணியோடு ஐரோப்பிய ஆட்டத்தில் இரண்டைத் தடுத்தார். ஆட்டத்தில் ஒரு மஞ்சள், பெனால்டி நேரத்தில் இன்னொரு மஞ்சள் வாங்கியும் மைதானத்திலேயே நின்றார், ஏனென்றால் ஆட்டத்தில் வாங்கிய மஞ்சள் பெனால்டிச் சுற்றுக்குச் சேர்த்துக் கணக்கெடுபடாது. பிரெஞ்சுக்காரர்கள் விசிலடித்தார்கள், அவர் சிரித்தார். எமெரியும் லேசுப்பட்டவர் இல்லை. யூரோப்பா லீக்கை நான்கு தடவை வென்றவர், செவில்லாவோடு மூன்று, வில்லாரியலோடு ஒன்று. அந்தக் கடைசியில் உங்கள் மச்சானின் யுனைற்றட்டைத்தான் பெனால்டியில் 11-10 என்று வென்றார்.

மற்ற அரைவாசி என்னவென்றால், பலஸின் கோலிலும் ஒரு ஆள் நிற்கிறார். நவம்பரில் வில்லா பார்க்கில் தியலமன்ஸ் அடித்த பெனால்டியை டீன் ஹெண்டர்சன் தடுத்தார். கிளாஸ்னரும் ஃப்ராங்ஃபர்ட்டோடு 2022 யூரோப்பா லீக்கைப் பெனால்டியில்தான் வென்றார். ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆட்டம் 90 நிமிடத்தில் முடிய வேண்டும் என்றுதான் முருகனைக் கும்பிடுவேன்.

இதுவரை ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஆனால் அரையிறுதிப் பயம் என்பது தனிச் சாதி. காலிறுதியில் தோற்றால் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. இறுதியில் தோற்றால் இறுதிக்குப் போனோம் என்றாவது சொல்லலாம். அரையிறுதியில் தோற்றவனுக்கு வெம்பிளிக்குப் போனதும் இறுதிக்குப் போகாததும் ஒன்றாகிவிடும். முன்பு வில்லா பார்க், ஹில்ஸ்பரோ என்று பொது மைதானங்களில் நடக்கும், பெரும்பாலும் இறுதிக்குப் போகிறவனுக்கு மட்டும்தான் வெம்பிளி. 2008 முதல் அரையிறுதி இரண்டுமே அங்கேதான். பரிசைக் காட்டி, தொடவிட்டு, பறிக்கிற மாதிரி. எனக்கு இது பிடிக்கவில்லை. டிக்கெட் விற்பனைக்கு நல்லது, கிண்ணத்துக்கு நல்லதில்லை.

போன வருடம் கொவென்ட்ரிக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2024 ஏப்ரல் 21. இரண்டாம் பிரிவு அணி, எதிரே யுனைற்றட். 70 நிமிடத்தில் 3-0 பின்னுக்கு. 71இல் சிம்ஸ், 79இல் ஒஹேர், 95இல் ஹாஜி றைட் பெனால்டி: 3-3. மேலதிக நேரத்தின் கடைசி மூச்சில், 121ஆவது நிமிடத்தில் விக்டர் டோர்ப் பந்தை உள்ளே தள்ளினார். கொவென்ட்ரிப் பக்கம் முழுக்க ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பிறகு வி.ஏ.ஆர். திரையில் கோடு போட்டுப் பார்த்தார்கள். பந்து வரும்போது றைட்டின் பூட்ஸ் நுனி ஓஃப்சைட்டாம். கோல் இல்லை. பெனால்டியில் யுனைற்றட் முதல் உதையையே தவறவிட்டும் 4-2 என்று வென்று, பிறகு கிண்ணத்தையும் தூக்கியது. இப்போது அந்தக் கோட்டைப் போட அரைத் தானியங்கிக் கருவி வந்திருக்கிறது. கெதியாக முடிவு சொல்லும், வலி அதே வலிதான். ஆகவே கோல் விழுந்தவுடன் பெடியனைத் தோளில் தூக்குங்கள், ஆனால் நடுவர் காதில் கை வைக்கிறாரா என்று ஒரு கண் அங்கே இருக்கட்டும்.

அந்த ஆட்டத்தில் ஒரு விதி மாற்றத்தையும் கவனித்திருப்பீர்கள். முன்பு சமநிலை என்றால் மீள் ஆட்டம் இருந்தது. அரையிறுதிக்குக் கடைசி மீள் ஆட்டம் 1999 ஏப்ரல் 14, ஆர்சனலும் யுனைற்றடும். பெர்க்காம்பின் பெனால்டியை ஷ்மைக்கல் பிடித்ததும் கிக்ஸ் தனியே ஓடி அடித்ததும் அன்றுதான். மச்சானிடம் கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பார்.

மச்சானுக்கு என்ன சொல்வது? 120 வருடக் கணக்கில் அவர் பிழை சொல்லவில்லை. கழகம் தொடங்கியது 1905, பெரிய கிண்ணம் ஒன்றும் இல்லை. 1990 இறுதியில் 3-3, மீள் ஆட்டத்தில் 1-0 தோல்வி. 2016 இறுதியில் 78ஆவது நிமிடத்தில் பன்ச்சன் அடிக்க, அப்போது முகாமையாளராக இருந்த அதே பார்டியூ கோட்டோரத்தில் ஆட்டம் போட்டார். மூன்று நிமிடத்தில் மாட்டா சமப்படுத்த, மேலதிக நேரத்தில் லிங்கார்ட் முடித்தார். இரண்டு தடவையும் எதிரே நின்றது யுனைற்றட்தான், அந்தத் திமிர் அவருக்கு இருக்கும். நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: பெப்ரவரியில் ஓல்ட் ட்ராஃபோர்டில் மதேட்டா இரண்டு அடித்துப் பலஸ் 2-0 வென்றது. கிண்ணத்தை வைத்திருந்த யுனைற்றட்டை மார்ச்சில் பெனால்டியில் வெளியே அனுப்பியது ஃபுலாம். அந்த ஃபுலாமை அவர்களின் வீட்டிலேயே 3-0 அடித்தது பலஸ். சனிக்கிழமை மச்சானுக்கு என்ன வேலை என்று கேளுங்கள்.

ஒரு பழைய வழக்கையும் மகனுக்குச் சொல்லி வையுங்கள். 1990-91 பருவத்தில் பலஸ் லீக்கில் மூன்றாம் இடம். ஐரோப்பியப் போட்டிக்குப் போகலாம் என்று சனம் காத்திருக்க, லிவர்பூலின் ஐரோப்பியத் தடை முன்கூட்டியே நீக்கப்பட்டு அந்த இடம் அவர்களுக்குப் போனது. அதற்குப் பிறகு 1998இல் இன்டர்டோட்டோ கிண்ணத்தில் சம்சுன்ஸ்போரோடு ஆடியதோடு பலஸின் ஐரோப்பா முடிந்தது. இந்த எஃப்.ஏ. கிண்ணத்தை வெல்கிறவருக்கு யூரோப்பா லீக் இடம் உண்டு. செல்ஹர்ஸ்டின் பழைய ஆக்கள் ஏன் இந்த வாரம் அதிகம் கதைக்காமல் திரிகிறார்கள் என்று இப்போது விளங்கும்.

பெடியனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அழுதால் அழட்டும். உங்கள் மனைவியின் கூட்டப் பயத்தை மட்டும் சிரித்துத் தள்ளாதீர்கள். 1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோவில் நடந்ததும் ஒரு எஃப்.ஏ. கிண்ண அரையிறுதிதான். நெரிசலில் நசுங்கி 97 பேர் இறந்தார்கள், பலர் பிள்ளைகள். ரசிகர்கள் மீது பழி போட்டார்கள். 2016இல்தான் மரண விசாரணை அது சட்டவிரோதக் கொலை என்றும் ரசிகர்கள் மீது தவறில்லை என்றும் சொன்னது. அதன் பிறகு வேலிகள் போய், பெரிய மைதானங்கள் எல்லாம் இருக்கை மைதானங்களாயின. இன்று உங்கள் மகனுக்கு என்று ஒரு எண் போட்ட கதிரை இருக்கிறது. அதை அவவுக்குச் சொல்லுங்கள்.

போகிற வழி: நோர்வூட் ஜங்ஷனிலிருந்து லண்டன் பிரிட்ஜ், அங்கே ஜூபிலி லைன் பிடித்தால் வெம்பிளி பார்க். மாலை 5.15க்கு ஆட்டம், பெனால்டி வரை போனால் எட்டு மணியாகும். முடிந்தவுடன் வெம்பிளி பார்க்குக்கு ஓட வேண்டாம். பொலிஸ் குதிரைகளை நிறுத்தி, கூட்டத்தைப் பகுதி பகுதியாகத்தான் விடுவார்கள், பிள்ளையோடு அதில் நிற்பது கஷ்டம். மற்றப் பக்கமாக நடந்து ஈலிங் றோட்டுக்குப் போனால் கொத்து றொட்டி சாப்பிட்டு, ஆறுதலாக வெம்பிளி சென்ட்ரலில் ரயில் எடுக்கலாம். வென்றால் இரண்டு கொத்து.

ஆசைப்படலாமா என்று கேட்டீர்கள். பலஸ் இதுவரை ஐந்து அரையிறுதி ஆடி இரண்டு வென்றிருக்கிறது. வில்லா கடைசியாக இந்தக் கிண்ணத்தைத் தூக்கியது 1957இல். ஞாயிற்றுக்கிழமை சிற்றியோடு மோதுகிற நொட்டிங்ஹம் ஃபொரஸ்ட் 1959இல். நான்கில் மூன்று ரீம் பட்டினி. இந்த வருடம் நீங்கள் ஆசைப்படாவிட்டால் எந்த வருடம்?

கேள்வி: அங்கிள், நான் பேர்மிங்காமில் படிக்கிறேன், வில்லா ரசிகை. இளவரசர் வில்லியமும் எங்கட பக்கம்தான், ஆனாலும் பலஸ் என்றால் வயிறு கலங்குது. சனிக்கிழமை எமெரி என்ன செய்ய வேண்டும்? வெல்வது யார் என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.
— பேர்மிங்காம் வாசகி

பதில்: மகள், எமெரி தன் பின்வரிசையைப் பத்து யார் கீழே இறக்க வேண்டும். இரண்டு பக்கப் பின்கள வீரரும் ஒரே நேரத்தில் மேலே போகக்கூடாது. வோர்டனுக்குத் திரும்ப நேரம் கொடுக்காமல் மக்கின் போன்ற ஒருவரை அவர் முதுகோடு ஒட்டி வைக்க வேண்டும். பிறகு கோர்னர் கோர்னராக வாங்க வேண்டும். இதையெல்லாம் எமெரி என்னைவிட நன்றாக அறிவார். ஆனால் தன் கொள்கையை ஒரு ஆட்டத்துக்காக மாற்றுவாரா என்பதுதான் சந்தேகம். நான்கு ஆட்டமாக மாற்றவில்லை.

ஒரு வரி கேட்டீர்கள்: 90 நிமிடத்தில் முடிந்தால் பலஸ், அதைத் தாண்டினால் வில்லா.